பெரியவர்களுக்கும் ஓட்டிசம் இருக்கு: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருக்கிறவர்கள் நாளாந்தம் எப்படிச் சமாளிக்கிறீங்கள்?

வாவிக்கரை

வணக்கம். நான் கல்லடிப் பக்கம், வயது 36, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. போன வருஷம் கொழும்பில் ஒரு மனநல வைத்தியர் பார்த்து எனக்கு ஓட்டிசம் என்று உறுதியாகச் சொன்னார். அதற்குப் பிறகு தமிழில் எங்கே தேடினாலும் வருவதெல்லாம் சின்னப் பிள்ளைகளைப் பற்றித்தான். எப்போது கதைக்கும், என்ன பயிற்சி கொடுப்பது, எந்தப் பள்ளிக்கூடம் எடுக்கும். அதெல்லாம் தேவைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பஸ் ஏறுகிறார்கள், வங்கிக்குப் போகிறார்கள், கலியாணம் கட்டுகிறார்கள், செத்தவீட்டில் என்ன கதைப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரி கூடக் கிடைக்கவில்லை. இது வயது போகப் போக மாறிவிடுகிற வருத்தமில்லை, பிறவியிலேயே மூளை வேலை செய்கிற விதம், கடைசிவரை இருக்கும்.

என்னுடைய கஷ்டங்கள் வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குச் சின்னதாகத் தெரியும். ஒபிஸ் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அறையில் இருப்பது சோக் போட்ட பழைய ரியூப்லைட். நம்மட கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்றபடியால் அந்த மாதிரி லைட் ஒரு செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைந்து எரியும். பக்கத்து மேசைக்காரருக்கு அது தெரிவதே இல்லை. எனக்கு அது கண்ணில் குத்திக்கொண்டே இருக்கும், சோக்கின் இரைச்சல் ஒரு காதுக்குள், மின்விசிறியின் கிரீச் மற்றக் காதுக்குள், இதற்கிடையில் யாராவது சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் பொரித்த மீன் மணம், பின்னால் வந்து தோளில் தட்டி "மச்சான் அந்த பில் என்னாச்சு" என்று ஒருவர். இதில் ஒவ்வொன்றையும் தனியாகப் பொறுக்கலாம். எல்லாம் சேர்ந்து வரும்போது பத்து மணிக்கே எனக்கு அன்றைய நாள் முடிந்துவிடும், ஆனால் வேலை ஐந்து மணிவரை. 2013இல் அமெரிக்க மனநல வைத்தியர்கள் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில்தான் இந்தப் புலன் கூச்சத்தையும் ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதற்கு முதல் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு அதன் பெயர் பிடிவாதம்.

அடுத்தது நேரம். "பின்னேரம் வாறம்" என்று சொன்னால் நான்கு மணியா, ஆறரையா? சொன்னவர் மறந்துவிட்டு வேறு வேலை பார்ப்பார், நான் மூன்று மணியிலிருந்து படலையைப் பார்த்தபடி ஒன்றையும் தொடங்க முடியாமல் இருப்பேன். சொல்லாமல் வருகிற சொந்தக்காரர்கள் இன்னும் கஷ்டம். அவர்கள் மேல் எனக்குப் பாசம் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் என்னால் கதைக்க முடியாது, தொண்டை பூட்டிக்கொள்ளும். போன் கோல் வந்தாலும் அப்படித்தான். எழுதி அனுப்பினால் எவ்வளவு சிக்கலான விஷயத்துக்கும் பதில் தருவேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான்: என்ன நடக்கப்போகிறது என்பதை முதலிலேயே, தெளிவாகச் சொல்லுங்கள். பரிதாபம் வேண்டாம். இந்தப் பக்கம் என்னைப் போல யாராவது இருந்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

தம்பிலுவில்காரி

தம்பி, இதைப் படித்துவிட்டு நிறைய நேரம் சும்மா இருந்தேன். எனக்கு 41, கணிதம் படிப்பிக்கிறேன், எனக்கும் அண்மையில்தான் உறுதியானது. வகுப்பறை எனக்குப் பிரச்சினையே இல்லை. 40 நிமிஷம், ஒரு பாடம், நான் கதைப்பேன், பிள்ளைகள் கேட்பார்கள், எல்லாருக்கும் அவரவர் இடம் தெரியும். ஆசிரியர் ஓய்வறைதான் கஷ்டம். அங்கே யார் எப்போது கதைக்கலாம் என்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

பொம்பிளைப் பிள்ளைகளில் இதைக் கண்டுபிடிப்பது பிந்துகிறது என்று எல்லா நாட்டு வைத்தியர்களும் சொல்கிறார்கள், அதற்குக் காரணம் எனக்கு நன்றாகவே தெரியும். சின்ன வயதிலிருந்து என் மூத்த மச்சாள் எப்படிச் சிரிக்கிறாள், "வாங்க வாங்க" என்று எந்தக் குரலில் சொல்கிறாள், எப்போது கையைப் பிடிக்கிறாள் என்று பார்த்துப் பார்த்து கண்ணாடிக்கு முன்னால் பழகினேன். கலியாண வீட்டில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு எல்லாரையும் சுற்றி வரவேண்டும், இல்லாவிட்டால் "அவளுக்குப் பெரிய தலைக்கனம்". நான் சுற்றி வருவேன். தண்ணிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிற மாதிரி, வெளியில் இருப்பவருக்கு நான் அமைதியாக நீந்துவது மட்டும் தெரியும். அடுத்த நாள் எழும்ப முடியாது, வாய் திறக்க முடியாது, அம்மா சோம்பேறித்தனம் என்பார்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், சத்தம் என்றால் எல்லாச் சத்தமும் எங்களுக்கு ஒன்றில்லை. வைகாசியில் எங்கள் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு. பறை, உடுக்கை, குரவை, ஒலிபெருக்கி, சனம். நான் ஒவ்வொரு வருஷமும் போகிறேன், கஷ்டப்படாமல் நிற்கிறேன். ஏனென்றால் எனக்கு வரிசை தெரியும். கதவு திறத்தல், வழக்குரை படித்தல், கல்யாணக்கால், கடைசியில் குளிர்த்தி. எந்த இடத்தில் பறை கூடும் என்பது எனக்கு முதலே தெரியும், உடம்பு அதற்குத் தயாராகிவிடும். அதே நான், பக்கத்து வளவில் திடீரென்று ஒரு பட்டாசு வெடித்தால் அரை நாள் நடுங்குவேன். நீங்கள் எழுதிய "முதலிலேயே சொல்லுங்கள்" என்பதை நான் இந்த விதமாகத்தான் விளங்கிக்கொண்டேன்.

கோட்டைமுனை

கோபிக்க வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். சத்தம் யாருக்குத்தான் பிடிக்கும், சொல்லாமல் விருந்தாளி வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது. எங்கட அம்மாவின் தம்பி ஒருவர் இருந்தார். யாரோடும் கதைக்கமாட்டார், கலியாணம் கட்டவில்லை, பழைய றேடியோக்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் வேலை. ஒரே நிறச் சாரம், ஒரே கோப்பையில்தான் சோறு. அவருக்கு யாரும் பேர் வைக்கவில்லை, பத்திரம் எடுக்கவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்தோம், நன்றாக வாழ்ந்து செத்துப்போனார். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பேர் வைத்தால் நாளைக்கு அந்தக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளைக் கட்ட யார் வருவார்? இது மட்டக்களப்பு, எந்தக் குடி, எந்த வீடு, யாருக்கு என்ன வருத்தம் என்று மூன்று தலைமுறை விசாரிக்கிற ஊர். அதை யோசித்தீர்களா?

நிந்தவூர் ராத்தா

நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன். என் தம்பிக்கு 29. கொஞ்சச் சொற்கள்தான் கதைப்பான், ரீவி விளம்பரத்தில் வருகிற வசனங்களை அப்படியே திருப்பிச் சொல்வான். பசி வந்தால் ஒரு பிஸ்கட் விளம்பரம், பயம் வந்தால் ஒரு சவர்க்கார விளம்பரம். எங்களுக்கு விளங்கும், வெளியாருக்கு விளங்காது. நீங்கள் எல்லாம் எழுதக் கூடியவர்கள், அல்ஹம்துலில்லாஹ். எழுத முடியாதவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள் என்பதைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சம்பவம். தம்பி திடீரென்று சாப்பாட்டைத் தள்ளிவிடத் தொடங்கினான், சுவரில் தலையை இடித்தான், ராவில் நித்திரையில்லை. காட்டின இடத்தில் "இது இந்தப் பிள்ளைகளின் குணம்" என்று நித்திரைக் குளிசை தந்தார்கள். சொந்தக்காரர்கள் ஓதிப் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. அவன் இடது பக்கக் கன்னத்தைத்தான் சுவரில் வைக்கிறான், வலது பக்கத்தை வைப்பதில்லை. நித்திரையில் வாய் திறந்து கிடக்கும்போது போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். கீழ்க் கடவாய்ப் பல் கறுத்து, அதைச் சுற்றி முரசு வீங்கிப்போய் இருந்தது. பல்லைக் கழற்றின பிறகு பழையபடி ஆகிவிட்டான். வலி என்று சொல்லத் தெரியாத ஒரு மனிதனுக்கு எது வந்தாலும் "ஓட்டிசம்" என்று எழுதிவிடுகிறார்கள். பல், காது, மலச்சிக்கல் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள் என்று எல்லாக் குடும்பத்துக்கும் நான் சொல்வேன்.

நோன்பு மாதத்தில் வீட்டில் சாப்பாட்டு நேரம், நித்திரை நேரம் எல்லாம் புரண்டுவிடும், அது அவனுக்குப் பெரிய சோதனை. அவனுக்கு மட்டும் பகல் ஒரு மணிச் சோற்றை மாற்றாமல் வைத்திருக்கிறோம். கடைசியாக ஒன்று. எங்கட பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. உம்மாவுக்குப் பிறகு அவன் என்னோடு இருப்பான், அதில் எனக்குக் கேள்வியில்லை. எனக்குப் பிறகு? வளர்ந்தவர்களுக்கு என்று பகலில் போய் இருக்க ஓர் இடம், கைவேலை செய்ய ஓர் இடம் எங்கள் பக்கத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளையாக இருக்கும்வரை கொஞ்சம் உதவி கிடைத்தது, வளர்ந்த பிறகு எல்லாக் கதவும் மூடிவிட்டது.

வாவிக்கரை

ராத்தா, நீங்கள் எழுதியது எனக்கு முக்கியம். என்னால் சம்பளத்துக்கு வேலை செய்ய முடிகிறது என்பதால் உங்கள் தம்பிக்கும் எனக்கும் ஒரே அளவு உதவி போதும் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஆனால் மற்றவர்கள் விளங்காமல் "குணம்" என்று ஒதுக்குகிற இடத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் நிற்கிறோம்.

கோட்டைமுனை அண்ணன், உங்கள் மாமாவைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவருக்கு அதே கோப்பையைக் கழுவி வைத்தது யார்? அதே நிறச் சாரத்தைத் தேடி வாங்கியது யார்? கலியாணம் கட்டு கட்டு என்று நெருக்காமல் விட்டது யார்? பேர் வைக்காமலே நீங்கள் அவருக்கு எல்லாவற்றையும் செய்திருக்கிறீர்கள். எனக்கும் அதுதான் தேவை. ஆனால் நான் இருப்பது அம்மாவின் வீட்டில் இல்லை, ஒபிசில், வாடகை வீட்டில், வங்கி வரிசையில். அங்கே என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒருவரும் இல்லை. அதனால்தான் பேர் தேவைப்படுகிறது.

1943இல் லியோ கனர் என்ற வைத்தியர் அமெரிக்காவில் ஓட்டிசத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் முதலாவதாக வருகிற பிள்ளை டொனால்ட் ட்ரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபொரஸ்ட் என்ற சின்ன ஊர். அவர் வளர்ந்து அதே ஊரில் ஒரு வங்கியில் வேலை செய்தார், கோல்ஃப் விளையாடினார், தனியாக நாடு நாடாகப் பயணம் போனார், 2023இல் 89 வயதில் இறந்தார். குடும்பத்தில் வசதி இருந்தது, அந்த வங்கியிலும் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது, அதையும் சொல்லவேண்டும். ஆனால் அந்த ஊர் அவரை அவராக இருக்கவிட்டது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம்மட ஊர்களாலும் அது முடியும், உங்கள் வீடு செய்து காட்டியிருக்கிறது.

எரிச்சல் எல்லாருக்கும் வரும் என்கிறீர்கள், உண்மை. உங்களுக்கு எரிச்சல் வந்து போய்விடும். எனக்கு வந்தால் அன்றைக்குக் கதைக்கிற, சாப்பிடுகிற, றோட்டைக் கடக்கிற திறன் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

களுவாஞ்சிக்குடி வீட்டுக்காரி

ஓட்டிசம் இருப்பது என்னவருக்கு, எனக்கில்லை. அதனால் இவ்வளவு நாளும் வாசிக்க மட்டும் செய்தேன், இப்போது எழுதவேண்டும் போல இருக்கிறது.

நம்மட பக்கம் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வரவேண்டும். யாரும் அதை யோசிப்பதில்லை, ஆனால் அவருக்கு ஒரே நாளில் படுக்கிற அறை, கிணற்றுத் தண்ணியின் ருசி, அடுப்புப் புகை, காலையில் எழுப்புகிற சத்தம் எல்லாம் மாறிவிட்டது. எங்கள் வீட்டில் எப்போதும் ஆள். அப்பாவைத் தேடி வருகிறவர்கள், தங்கச்சியின் பிள்ளைகள், மாமிமார். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். "மருமகனுக்கு எங்களைப் பிடிக்கல்ல" என்று அம்மா அழுதே விட்டார். அதே மருமகன், அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் அளவைக் குறித்துக் கொப்பியில் எழுதி, கிளினிக் நாளுக்கு முதல் நாள் அதைப் பையில் வைக்கிறார். யாரும் சொல்லவில்லை.

நான் அழுதால் மற்றவர்கள் மாதிரி வந்து கட்டிப்பிடிக்கத் தெரியாது அவருக்கு. பக்கத்தில் இருந்து "தண்ணி வேணுமா, ஆள் வேணுமா, தனியா விடவா" என்று கேட்பார். நான் ஒன்றைச் சொன்னால் அதையே செய்வார். எனக்கு இப்போது இதுதான் பிடித்திருக்கிறது, மற்றவர்கள் ஊகித்துச் செய்வது பிழைத்துப்போகும், இவர் செய்வது பிழைத்ததில்லை.

இப்போது பின்பக்க அறைக்கு வெளியால் ஒரு கதவு போட்டிருக்கிறோம், ஆட்கள் இருக்கும்போது முன்னறையைத் தாண்டாமல் அவர் வந்து போகலாம். யார் வருவதென்றாலும் எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடச் சொல்லி எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். முதலில் "என்ன கா, சொந்த வீட்டுக்கு வர பாஸ் எடுக்கணுமா" என்றார்கள். மறுகா பழகிவிட்டார்கள். சொல்லிவிட்டு வந்தால் அவரே வாசலுக்கு வந்து தேத்தண்ணி கொடுப்பதை எல்லாரும் கண்டுவிட்டார்கள்.

படுவான்கரை

பிள்ளைகள், எனக்கு வயது 57. பேரன் முறையான ஒரு பொடியனுக்கு இது என்று சொல்லி அவனைப் பற்றி டொக்டர் கேட்ட கேள்விகளை என் மருமகள் வாசித்துக் காட்டும்போது, ஒவ்வொன்றுக்கும் நான் என்னையே நினைத்தேன். எனக்கு யாருடைய கண்ணையும் பார்த்துக் கதைக்க ஏலாது. பார்த்தால் அவர் சொல்வது காதில் ஏறாது, கேட்கவேண்டுமென்றால் கீழே பார்க்கவேண்டும்.

சண்டைக் காலத்தில் வாவிக்கு அங்கால டவுனுக்குப் போவதென்றால் சோதனைச் சாவடி தாண்டாமல் முடியாது. கண்ணைப் பார்க்காதவன் எதையோ மறைக்கிறவன். "எங்க போறாய்" என்று கேட்டால் எனக்கு விளங்கினபடி "பாலத்துக்கு அங்கால" என்பேன், அது நக்கல் என்று எடுத்துக்கொண்டார்கள். உரத்துக் கத்தினால் எனக்கு வாய் அடைத்துவிடும், வாய் அடைத்தால் இன்னும் சந்தேகம். அடி வாங்கியிருக்கிறேன், வெயிலில் இருத்தி வைத்திருக்கிறார்கள். மறுகா என் அக்கா என்னைத் தனியாக அனுப்புவதில்லை. அவவே கூட வந்து, நான் வாய் திறக்க முதல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவா. அந்த மனுசி இல்லாவிட்டால் நான் இன்றைக்கு இல்லை. என்னைப் போல வாய் அடைத்து நின்று வீட்டுக்கு வராமல் போன பொடியன்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் இப்பவும் நித்திரை வராது.

இந்த வயதில் நான் கிளினிக்குப் போய் என்ன பிரயோசனம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிளினிக் பக்கம்

ஐயா, நான் ஓர் அரச வைத்தியசாலையில் மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்விக்கு நேராகப் பதில்: வயது பிரச்சினையில்லை, விருப்பம் இருந்தால் போகலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அம்பாறைப் பக்கத்தவர்கள் கிட்ட இருக்கிற அரச வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் கேட்டால் எந்தக் கிளினிக் என்று எழுதித் தருவார்கள். இரத்தம் எடுத்தோ ஸ்கேன் பண்ணியோ ஓட்டிசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் முக்கியம், அதனால் உங்கள் அக்காவைக் கூட்டிப் போங்கள். பழைய பள்ளிக்கூட றிப்போட் இருந்தால் கொண்டுபோங்கள். டொக்டருக்கு முன்னால் வாய் அடைத்துவிடும் என்று பயமிருந்தால் வீட்டில் இருந்தே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுக்கலாம், அதை யாரும் பிழையாக எடுக்கமாட்டார்கள்.

ஓட்டிசத்துக்கு என்று குளிசை இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து வருகிற பதற்றம், மனச்சோர்வு, நித்திரையின்மை இதற்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது. வளர்ந்தவர்களில் நிறையப் பேர் இவற்றுக்காக வந்து, அதன் அடியில் ஓட்டிசம் இருப்பது பிறகுதான் தெரிய வருகிறது. ஐயா சொன்ன நித்திரை வராத இரவுகளை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அது சண்டைக் காலத்துக் காயமாகவும் இருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்கவேண்டும். இரவில் தாங்க முடியாமல் வந்தால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.

2009இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்றில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளைப் பரிசோதித்ததில் 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருந்தது. அந்தக் குழந்தைகள் இப்போது வாக்குப் போடுகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். வளர்ந்தவர்களுக்கு இடமில்லை என்று ராத்தா சொல்வது வருகிற வருஷங்களில் இன்னும் பெரிய பிரச்சினையாகப் போகிறது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேலைக்கு எடுப்பதிலும் பள்ளிக்கூட அனுமதியிலும் இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்ட முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐநா உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. நடைமுறையில் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது.

கோட்டைமுனை

மாமாவுக்குக் கோப்பை கழுவி வைத்தது எங்கட அம்மா. சரி, அதை நான் அந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. ஆனால் கலியாண விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தம்பிலுவில்காரி

நான் சொல்கிறேன் அண்ணன், ஏனென்றால் எனக்கு இரண்டு தங்கச்சிமார். என் ஒபிஸ் றெக்கோட்டில் இது இல்லை, அதிபருக்கும் தெரியாது. வீட்டாருக்கும் மூன்று சிநேகிதிகளுக்கும் மட்டும் தெரியும். தம்பி வாவிக்கரை வெளியில் சொல்வதைத் தெரிவு செய்திருக்கிறார், நான் செய்யவில்லை, இரண்டும் அவரவர் நிலைமை. ஆனால் பேரைச் சொல்லாமலே தேவையைச் சொல்லலாம். "எனக்குத் தலையிடி வருகிறது, இந்த லைட்டை மாற்றித் தாருங்கள்." "கூட்டத்தில் என்ன கதைப்போம் என்பதை முதல் நாள் அனுப்பினால் நான் ஆயத்தமாக வருவேன்." இப்படிக் கேட்டு எனக்கு ஓய்வறையில் ஜன்னல் பக்கக் கதிரை கிடைத்தது, இடைவேளையில் நூலகத்தில் இருக்கவும் விட்டார்கள். தம்பி, உங்கள் ரியூப்லைட்டுக்கும் இதைச் செய்து பாருங்கள். எல்ஈடி போட்டால் கரண்ட் பில் குறையும் என்று சொன்னால் முதலாளி இன்னும் கெதியாக மாற்றுவார்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு மறைக்கவேண்டுமா என்பதில் எனக்கே இன்னும் முடிவில்லை. மறைத்துக் கட்டி, பிறகு ஒவ்வொரு நாளும் நடித்து, உடைந்துபோன ஒருத்தியை எனக்குத் தெரியும். சொல்லிக் கட்டின களுவாஞ்சிக்குடித் தங்கச்சி வீடு மாதிரியும் இருக்கிறது.

களுவாஞ்சிக்குடி வீட்டுக்காரி

நாங்கள் சொல்லிக் கட்டவில்லை அக்கா, கட்டின பிறகுதான் எங்களுக்கே தெரியும். ஆனால் முதலே சொல்லியிருந்தாலும் நான் அவரைத்தான் கட்டியிருப்பேன். அம்மாவைத்தான் சம்மதிக்க வைக்கக் கொஞ்சக் காலம் எடுத்திருக்கும்.

வாவிக்கரை

டீச்சர், எல்ஈடி கணக்கை நாளைக்கே போடுகிறேன், அது என் வேலைதானே. படுவான்கரை ஐயா, கிளினிக்குப் போகும்போது அக்காவுக்கு வர ஏலாவிட்டால் நான் வருகிறேன். முதல் நாளே நேரம் சொல்லுங்கள், நான் அந்த நேரத்துக்கு வாசலில் நிற்பேன்.

நிந்தவூர் ராத்தா

கிளினிக் பக்கம் அவர்களிடம் ஓர் உதவி. என் தம்பி சில ராவில் கதவைத் திறந்துகொண்டு கடற்கரை றோட்டுப் பக்கம் போய்விடுகிறான். ஊருக்குள் எல்லாருக்கும் தெரியும், கூட்டி வந்துவிடுவார்கள். மெயின் றோட்டில் பொலிஸ் நிறுத்தினால்தான் பயம். படுவான்கரை ஐயா எழுதியதைப் படித்த பிறகு அந்தப் பயம் கூடிவிட்டது. கழுத்தில் ஓர் அட்டை போட்டால் என்ன எழுதலாம்?

கிளினிக் பக்கம்

கழுத்தில் நாடா சில பேருக்குக் கூச்சம், இழுத்துப் பிய்த்துவிடுவார்கள். சாரத்து இடுப்புப் பட்டியில் அல்லது சேட் பையில் லமினேற் பண்ணின அட்டை நல்லது. இன்னொன்றை எந்நேரமும் போடுகிற செருப்பின் உள்ளே ஒட்டலாம். சொற்கள் குறைவாக இருக்கவேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். "எனக்கு ஓட்டிசம். என்னால் கதைக்க முடியாது. சத்தம் போடாதீர்கள், பிடிக்காதீர்கள். இந்த இலக்கத்துக்கு எடுங்கள்." கீழே உங்கள் இலக்கம், இன்னும் ஒருவருடைய இலக்கம். வீட்டு விலாசம் போடவேண்டாம். அட்டையின் ஒரு பிரதியை கிராம சேவகரிடமும் கிட்ட இருக்கிற பொலிஸ் நிலையத்திலும் படத்தோடு கொடுத்து வையுங்கள். பகல் நேரத்தில் அவனையும் ஒரு தரம் கூட்டிப் போய்க் காட்டுங்கள், முகம் தெரிந்திருப்பது நல்லது.

படுவான்கரை

"பிடிக்காதீர்கள்" என்பதை முதல் வரியில் போடு புள்ள. மிச்சத்தை அவர்கள் வாசிக்க முதல் பிடித்துவிடுவார்கள்.

நிந்தவூர் ராத்தா

சரி ஐயா, முதல் வரியாகப் பெரிய எழுத்தில் போடுகிறேன். சிங்களத்தில் பிழையில்லாமல் எழுதித் தர யாராவது இருக்கிறீர்களா?

கோட்டைமுனை

நான் எழுதித் தருகிறேன் தங்கச்சி, 20 வருஷம் பதுளையில் கடை வைத்திருந்தவன். எங்கட கடையிலேயே லமினேற் மெஷின் இருக்கிறது, எத்தனை வேணும் என்று சொல்லுங்கள், அடித்துக் கல்முனை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். பஸ் இலக்கமும் வந்து சேர்கிற நேரமும் முதலே அனுப்புவேன்.